புழு கடித்த சோளன் இலை

இன்று காலை நமது சோளன் தோட்டத்துக்குள் இறங்கியதும், புழு தின்ற இலையின் பச்சை வாசம் மூக்கில் அடித்தது. குருத்துகளை விரித்துப் பார்த்தேன். படைப்புழு மறுபடியும் வந்திருக்கிறது. நீ போன பிறகு இதுதான் முதல் தடவை.

முன்பு அது வந்தபோது நான் மருந்துத் தாங்கியைத் தோளில் மாட்டிவிட்டேன். நீ பள்ளிக்கூடம் விட்டு, வாவியைக் கடந்து, நேரே படுவான்கரைத் தோட்டத்துக்கே வந்து, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குறுக்கே நின்றாய்.

"ஒரு கிழமை பொறுங்க. மருந்தடிச்சா புழு மட்டுமா சாகும்? குளவியும் செத்துப்போகும்."

"என்ன குளவி? உன்ட வகுப்பில போய்ப் படிப்பி!" என்று கத்தினேன்.

நீ கோபிக்கவில்லை. ஒரு செடியின் இலையைக் கத்திரியால் வெட்டினாய். தள்ளி நின்ற இன்னொரு செடியில் புழுவை விட்டாய். மறுநாள் சனிக்கிழமை; என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தாய். வெட்டிய இலையை எதுவும் தேடி வரவில்லை. புழு கடித்த செடியைச் சுற்றி, எறும்பிலும் சிறிய கறுப்புக் குளவிகள் பறந்தன.

"புழுவுட எச்சில் பட்டாத்தான் செடி அந்த வாசத்த விடும். அதப் பிடிச்சித்தான் குளவி வரும். வந்து புழுவுக்குள்ள முட்டை போடும். மறுகா குஞ்சு உள்ளுக்கிருந்தே புழுவத் தின்னும்" என்றாய்.

இரண்டு கிழமையில் செத்த புழுக்களின் அருகே அரிசிக் குறுணல் போன்ற வெள்ளைக் கூடுகளைக் கண்டேன். தோட்டத்தில் ஓர் ஓரம் அழிந்தது. மிச்சம் கதிர்ப் பொத்தி பிடித்தது. அடுத்த மாரிக்கு முன்னே புற்றுநோய் உன்னைக் கொண்டுபோயிற்று. கத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை.

இன்று பின்நேரம் விவசாயக் கூட்டம். உன் அண்ணன்தான் தலைவர்.

"நாளைக்கு எல்லாரும் ஒண்டா மருந்தடிக்கிறம். மச்சான், உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றன்."

கூட்டங்களில் வாய் திறந்தவன் அல்லன் நான். எழும்பினேன்.

"நான் அடிக்க மாட்டன். ஒரு கிழமை தாங்க. குளவி வருதா எண்டு பாப்பம்."

சிரித்தார்கள். நான் உட்காரவில்லை. கத்திரியால் வெட்டிய இலையிலிருந்து வெள்ளைக் கூடு வரை கண்டதெல்லாம் சொன்னேன். மூன்று பேர் பொறுத்துப் பார்க்கச் சம்மதித்தார்கள். உன் அண்ணன் சம்மதிக்கவில்லை. ஆனால் வெளியே வந்ததும் என் தோளில் கை வைத்தார்.

"தங்கச்சி பேசுற மாதிரியே இருந்திச்சி. உங்கட பக்கம் மருந்து வராமப் பாத்துக்கிறன்."

குளவி சுணங்கினால் பாதித் தோட்டம் போகலாம். போனாலும், அடுத்த போகமும் பொறுத்துத்தான் பார்ப்பேன்.