மிருது என்று எழுதிய பெட்டி

லியோனா அவர்களுக்கு,

ஒன்பது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

சால்மன் ஆற்றுப் பக்கம் பனி சீக்கிரமே விழுந்துவிட்டது. உங்கள் கொழுந்தன் வெர்லின் வீட்டை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போகிறானாம். "கூடப்பொறந்தவனையே சுட்டவன், போய்த் தொலையட்டும்" என்று நீங்கள் சொன்னதாகக் கடையில் பேசிக்கொண்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

வெர்லினின் குறி தப்பவில்லை. அவன் சுட்டது மானின் நெஞ்சில்தான் பட்டது. குண்டு மானைத் துளைத்துப்போய், பின்னால் புதருக்குள் நின்ற உங்கள் கணவர் ஆரினையும் சாய்த்தது. மிருதுவான ஈயமாக இருந்திருந்தால் மானுக்குள்ளேயே நசுங்கி நின்றிருக்கும். வெர்லின் என்னிடம் கேட்டதும் மிருதுவான குண்டுதான்.

அதற்கு முந்தின வாரம் தேவாலய விருந்தில், நான் வார்த்துக் கொடுக்கும் குண்டுகளைப் பற்றி அவன் பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். "வாத்தியாரே, அது ஈயமா வெண்ணெயா? ரொட்டில தடவித் தின்னுரவா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும்தான். வீட்டுக்கு வந்து ஈயச்சட்டியில், ஈயத்தைக் கடினமாக்கும் பழைய அச்செழுத்து உலோகத்தை அள்ளிப் போட்டேன். வார்த்த குண்டுகளைச் சூடு ஆறுமுன் தண்ணீர் வாளியில் தள்ளி இன்னும் இறுக வைத்தேன். பிறகு தோட்டாக்களில் பொருத்தினேன், மொத்தம் இருபது. பெட்டியின்மேல் 'மிருது' என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆரினை அடக்கம் செய்த மறுநாள் வெர்லின் பெட்டியை என் வாசலில் வைத்துவிட்டுப் போனான். தோட்டாக்களைப் பிரித்து, மிச்சமிருந்த பத்தொன்பது குண்டுகளையும் எடுத்து வைத்தேன்.

இப்படி இறுக வைத்த ஈயம் வருடக்கணக்கில் கிடந்தால் இளகும். வேதியியல் படித்தவன் சொல்கிறேன். எவ்வளவு இளகியிருக்கிறது என்று ஒவ்வொரு நவம்பரிலும் பென்சில்களால் கீறிப் பார்க்கிறேன். முதல் வருடம் நடுத்தரப் பென்சிலே கீறியது. இப்போது கத்திமுனைகூட இறங்கவில்லை. போன வாரம் பத்தொன்பதையும் சட்டியில் போட்டேன். அடியில் இருந்த புது ஈயம் உருகியது, இவை உருகவில்லை. அதன்மேல் மிதந்தபடி மெல்லத் திரும்பின. எல்லா மூக்கும் உங்கள் வீட்டுப் பக்கம்.

வெர்லினைத் தடுத்து நிறுத்துங்கள். அண்ணன் கல்லறைக்கு வர விடுங்கள். பின்னால் யார் என்று பாராமல் சுட்டுவிட்டேன் என்று அவன் இன்னும் தன்னைத்தானே சபித்துக்கொண்டிருக்கிறான். அந்தப் பெட்டியை நம்பியதைத் தவிர அவன் எதுவும் செய்யவில்லை.

ஆரின் உடலிலிருந்து எடுத்து ஷெரீப் உங்களிடம் ஒப்படைத்த குண்டு பத்திரமாக இருக்கும். இத்துடன் இன்னொன்று வைத்திருக்கிறேன். இரண்டையும் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருக்கும். குண்டு வார்க்கும் என் அச்சில் உள்ள பழுது அது.

மீதிப் பதினெட்டும் மேசைமேல் கிடக்கின்றன. இதை எழுதத் தொடங்கும்போது உங்கள் பக்கம் பார்த்திருந்தவை இப்போது என் நாற்காலியைப் பார்க்கின்றன. அப்படியே இருக்கட்டும்.

கர்த்தர் உங்கள் வீட்டுக்கு அமைதி தரட்டும். கையெழுத்துப் போட மூன்று முறை பேனாவை எடுத்தேன். வேண்டாம். யார் என்று உங்களுக்கே தெரியும்; பெயரில்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.