உன் கை அளந்த தூரம்

சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்து பீரோவைத் திறந்தேன். இரும்பு வாடை அடித்தது. கீழ்த்தட்டில் உன் பை. உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு அதை இன்றுதான் தொடுகிறேன். உள்ளே நீ பெத்தாங்க் ஆடுகிற இரும்புக் குண்டுகள், பழைய புடவைத் துண்டில் நீ சுற்றி வைத்தபடியே இருந்தன. என்னுடையவற்றைவிடச் சிறியவை, உன் கைக்கென்று பார்த்துப் பார்த்து எடுத்தவை. லேசாகத் துரு ஏறியிருந்தது. துடைத்து எடுத்துக்கொண்டு உப்பளம் மைதானத்துக்குப் போனேன்.

கடையை நம் மகனிடம் விட்ட பிறகு, வீட்டில் சும்மா உட்கார்ந்து உன் உயிரை வாங்கிக்கொண்டிருந்தேன். பொறுக்காமல் நீதான் என்னை அங்கே இழுத்துப் போனாய். வட்டத்துக்குள் நின்றபடி, தூரத்தில் கிடக்கும் சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் இரும்புக் குண்டை வீசி நிறுத்த வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். என் முதல் குண்டு வேலியில் போய் முட்டியது. பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன் வாங்குகிற பெரியவர் ஒருவர் சிரித்தார். "பாய், அம்பது தாண்டிட்டா கை சீக்கிரம் படியாது. தினம் வந்தாக்கூட வருஷக்கணக்கா ஆவும்."

"ஆவட்டுமே, எங்களுக்கு என்ன அவசரம்?" என்றாய் நீ.

அவர் சொன்னது சரிதான். மாதக்கணக்கில் வீசியும் எனக்கு ஒன்றும் தேறவில்லை. விட்டுவிடலாம் என்று புலம்பினேன். அன்றிலிருந்து நீ அளக்க ஆரம்பித்தாய். என் கடைசிக் குண்டுக்கும் மரக்குண்டுக்கும் நடுவில் மண்டியிட்டு, சாண் சாணாக விரலை நகர்த்துவாய். "போன வாரம் அஞ்சு. இன்னிக்கு நாலுதான். வந்துட்டீங்க பாருங்க!" என் கையால் அளந்தால் இன்னும் குறையுமே என்று அடம் பிடிப்பேன். "உங்களுது கள்ளக் கை. என் கைதான் கணக்கு" என்பாய். வயதான பிறகு கற்றுக்கொள்வது அத்தனை மெதுவாக நடக்கிறது. யார் கண்ணுக்கும் படுவதில்லை. உன் கைக்கு மட்டும் தெரிந்தது.

நோய் வந்த பிறகும் நாற்காலியில் உட்கார்ந்து என் ஆட்டத்தைப் பார்த்தாய். தட்டுத்தடுமாறி எழுந்து வந்து அளந்தாய். நாலு மறுபடியும் அஞ்சானது, ஆறானது. உன் கவலையில் என் ஆட்டம் கெட்டுவிட்டது என்று உள்ளுக்குள் புழுங்கினேன். ஒரு நாள் பாதியில் நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாய்.

"நீங்க கெட்டுப் போவலங்க. என் வெரலுதான் விரிய மாட்டேங்குது."

தூரம் கூடவில்லை. உன் சாண் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. அந்தக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். எலும்பும் தோலுமாக இருந்தது. "டீ குடிக்கிறியா?" என்று மட்டும் கேட்டேன்.

இன்று உன் குண்டுகளால்தான் ஆடினேன். கடைசிக் குண்டு மெல்ல உருண்டு மரக்குண்டுக்குப் பக்கத்தில் நின்றது. "பாய், கை படிஞ்சிடுச்சே!" என்று அந்தப் பெரியவர் தட்டிக்கொடுத்தார். மண்டியிட்டு அளந்தேன். என் கைக்கு ஒரு சாண். உன் கைக்கு எவ்வளவு என்று கேட்க, நீ உட்காரும் பக்கம் திரும்பிவிட்டேன்.

திரும்பி வரும்போது உன் குண்டு ஒன்றைப் பையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தேன். நான் தேறிவிட்டேன் என்கிறார்கள். நீ அளக்காமல் அதை எப்படி நம்புவேன்?