ஒரு ஸ்பூன் மருந்து இறங்கியது

தென்காசி

அன்புள்ள அப்பாவுக்கு மரகதம் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

எங்கள் ஆஸ்பத்திரி மருந்தகத்துக்குத் தொண்டைப் புற்றுநோய் உள்ள கணவரை உலகம்மாள் என்பவர் கூட்டிவந்தார். அவரால் விழுங்க முடியவில்லையென்று, மெதுவாகக் கரைய வேண்டிய வலி மாத்திரையை அம்மியில் பொடித்துக் கொடுத்திருக்கிறார். மருந்து மொத்தமும் ஒரேயடியாக ஏறி, மனுஷர் பகலெல்லாம் எழவில்லையாம்.

மூத்த மருந்தாளுநர் பெஞ்சமின் திட்டவில்லை. டாக்டரிடம் பேசித் திரவ மருந்தாக மாற்றி, அவர் எதிரே உட்கார்ந்து ஒரு ஸ்பூன் ஊட்டினார்.

"தாடைய நெஞ்சுல ஒட்டி வச்சுக்கிட்டு, பைய முழுங்குங்க அண்ணாச்சி."

தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"இறங்கிட்டுல்லா!" உலகம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பக்கத்துக் குற்றாலத்தில் சீசன். நான் இன்னும் அருவி பார்க்கவில்லை. அந்த ஒரு ஸ்பூன் இறங்கியதைப் பார்த்தபின் அவசரமும் இல்லை.

அம்மாவிடம் சொல்லி எள்ளுப்பொடி அனுப்புங்கள். தனியாகச் சாப்பிடுகையில் இப்போதெல்லாம் ஒவ்வொரு வாயும் இறங்குவதைக் கவனிக்கிறேன்.

கவுண்டரில் கூப்பிடுகிறார்கள்.

மரகதம்