வெள்ளை என்றுதான் கலந்தேன்

பிப்ரவரி 3

அண்ணனுக்கு,

கோபமாகத்தான் எழுதுகிறேன். இருந்தாலும் நலமா என்று கேட்டுவிடுகிறேன். எட்டு மாதமாக நீ போனை எடுப்பதில்லை, நானும் இரண்டு தடவைக்கு மேல் அடிப்பதில்லை.

என் படுக்கையறைச் சுவரில் சுரண்டிய பெயிண்ட் சில்லு ஒன்றை உறையில் வைத்திருக்கிறேன். நீ கிரீம் நிறம் அடிக்கலாம் என்றாய், நான் வெள்ளைதான் வேண்டும் என்றேன். அந்த வீம்புக்கு நீலத்தை அடித்துவிட்டுப் போய்விட்டாய். முப்பது வருஷமாகப் பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் உனக்குக் கை தவறியது என்றால் யார் நம்புவார்கள்? இது என்ன நிறம் என்று உன் வாயால் சொல்.

உன் தங்கை,
வாயாடி

பிப்ரவரி 11

அன்புள்ள வாயாடிக்கு,

சில்லை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். பளிச்சென்ற வெள்ளை. வெள்ளை மஞ்சளடிக்காமலிருக்க, துணிக்கு நீலம் போடுவதுபோல ஓரிரு சொட்டு நீலம் விடுவோம். உன் டின்னில் எவ்வளவு விட்டும் மஞ்சளாகவே தெரிந்தது, அதனால் கூடக் கொஞ்சம் விட்டேன். பார்த்துப் பார்த்துக் கலந்தவனுக்கு இந்தப் பேச்சு.

எழுத்து பெரிதாக இருக்கிறதே என்று சிரிக்காதே. வருஷத்துக்குள் இரண்டு தடவை கண்ணாடி மாற்றியும் சரிப்படவில்லை. இருட்டினால் சாலையைக் கடக்கவே பயம், எதிரே வரும் வண்டி விளக்கைச் சுற்றி வளையம் வளையமாக வெளிச்சம். யாரோ இரண்டு பேர் நிறம் சரியில்லை என்று டின்னைத் திருப்பினார்களாம், முதலாளி என்னைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார். பார்வை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. உன் அண்ணியிடம் சொல்லாதே.

அண்ணன்

பிப்ரவரி 19

அண்ணா,

நீ பொய் சொல்லவில்லை என்று இப்போதுதான் புரிகிறது. அந்தச் சுவரைப் பார்த்த அத்தனை பேரும் நீலம் என்றார்கள். உனக்கு மட்டும்தான் அது வெள்ளை.

எங்கள் அலுவலக டைப்பிஸ்ட் அக்கா, வெள்ளைத் துணியெல்லாம் பழுப்பாகிவிட்டது என்று சலவைக்காரரோடு சண்டை போட்டவர். அவருக்கும் இதே விளக்கு வளையம், இதே கண்ணாடி மாற்றல். கடைசியில் பார்த்தால் கண்புரை, அதனால்தான் வெள்ளையெல்லாம் பழுப்பாகத் தெரிந்ததாம். உனக்கும் அதுவாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். கண் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். அண்ணியிடம் சொல்லிவிட்டேன், திட்டிக்கொள்.

எட்டு மாதம் உன்மேல் கோபமாக இருந்தேனே என்று நினைத்தால் மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

வாயாடி

ஏப்ரல் 6

அன்புத் தங்கைக்கு,

இரண்டு கண்ணிலும் புரைதானாம். டாக்டர் சிரித்தபடி, "இதுக்கா இவ்வளவு பயந்தீங்க? எடுத்துட்டா நல்லாத் தெரியும்" என்றார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். உன் அண்ணியும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

வலது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த மறுநாளே உன் சில்லை எடுத்தேன். வலது கண்ணை மூடினால் வெள்ளை. இடது கண்ணை மூடினால் நீலம், அதுவும் என்ன நீலம். இதற்குள்ளா இத்தனை மாதம் தூங்கினாய் என்று வெட்கமாகப் போய்விட்டது.

முதலாளியிடமும் சில்லைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். இடது கண்ணும் முடிந்ததும் பழைய வேலைக்கே வரச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன், அசல் வெள்ளை ஒரு டின்னோடு.

அண்ணன்

ஏப்ரல் 10

அண்ணா,

ஆபரேஷன் ஆகி இன்னும் மாதம்கூட முடியவில்லை, டின் தூக்குகிறாராம். வெறும் கையோடு வா.

சுவர் அப்படியே இருக்கட்டும். எட்டு மாதம் உன்னைத் திட்டிக்கொண்டே அதைப் பார்த்தேன், இனிக் கொஞ்ச நாள் திட்டாமல் பார்க்க வேண்டும்.

இருட்டுவதற்குள் வந்துவிடு. இன்னொரு கண் பாக்கி இருக்கிறது.

வாயாடி