பொது ஸ்டோரில் இருந்த முகம்

மார்ச் 4, பெகாசி

ஹர்யோவோடு இன்றும் சண்டை. குடியிருப்புக் காவல் செயலியில் எல்லாவற்றையும் ஒரே பொது ஸ்டோரில், எல்லாத் திரைகளும் பகிரும் தரவுக் கிடங்கில், கொட்டுகிறான். 'இப்போதைய ஆள்' என்று ஒரே ஒரு இடம். வருகிறவர் முகத்தைத் தானாகப் பிடிக்கும் வாசல் பதிவு அதை மாற்றும். திருடன் எச்சரிக்கைப் படிவமும் அதிலிருந்தே முகத்தை எடுக்கும்.

"படிவம் திறந்ததும் தனக்குன்னு ஒரு நகல் எடுத்துக்கட்டும் மாஸ் ஹர்யோ. நடுவுல வாசல்ல எவனாவது வந்தா முகம் மாறிடும்."

"ரெட்னோ, நோன்புல தொண்டை காயுது, உன் பிரசங்கம் வேறயா? பெருநாளுக்கு முன்னாடி குடுத்தாகணும்."

மரமண்டை. டீம் லீடர், அவன் வைத்ததுதான் சட்டம்.

மார்ச் 11

கொடுத்தாயிற்று. அப்படியே.

மார்ச் 18

கிரஹா மெலாத்தி குடியிருப்பில் சாயங்காலம் பைக் திருட்டு. காவல்காரர் பாக் தர்மின் கேமராவில் விழுந்த திருடன் முகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு எச்சரிக்கை எழுதிக்கொண்டிருந்தார். அந்நேரம் பார்சல் கொண்டுவந்த யாயான் வாசலில் பதிவானான். டேப்லெட்டில் எழுத்துப்பலகை எழும்பிப் படத்தை மறைத்திருந்தது. அனுப்பிவிட்டார். குடியிருப்பில் அத்தனை பேர் ஃபோனிலும் யாயான் முகம். மேலே 'திருடன்'.

குடியிருப்புக்காரர்கள் திரண்டு ஹெல்மெட்டால் அடித்தார்கள். மூங்கிலால். பரவும் வீடியோவில், பல் கொட்டிய வாயோடு "பார்சல், பார்சல்" என்றே கத்துகிறான். ஒருத்தன் அவன் விரல்களை மிதித்துத் திருகுகிறான். பின்னால் ஒரு குரல்: "சீக்கிரம் முடிங்கப்பா, நோன்பு திறக்க நேரமாச்சு!" சிரிப்பு. அடப்பாவிகளா!

மார்ச் 19

பாக் தர்மினைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. அடித்தவர்களை அல்ல, அவரை. "சத்தியமா நான் தொட்டது வேற முகம்"னு அழுதாராம். எவன் நம்புவான்?

ஹர்யோ சொன்னான்: "காவல்காரன் தப்பாத் தொட்டுட்டான்னு எழுதிக் குடுத்துடலாம். முடிஞ்சுது கதை."

கீபோர்டைத் தூக்கி அவன் மூஞ்சியிலேயே அடித்தேன். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம்.

"பைத்தியமாடி உனக்கு?"

"ஆமா, பைத்தியம்தான்! அந்த மனுஷன் உள்ள கிடந்து சாகணும், நீ பெருநாள் கொண்டாடணுமா?"

இன்னொரு அடி வைக்கத்தான் கை போனது. பக்கத்து மேசைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

மார்ச் 21

யாயான் செத்துப்போனான்.

மார்ச் 22

காவல் நிலையத்தில் செய்து காட்டினேன். திருடன் முகத்தைத் தேர்ந்தெடுத்துப் படிவத்தைத் திறந்து வைத்தேன். வாசல் பதிவில் ஒரு கான்ஸ்டபிளை நிற்க வைத்தேன். ஆய்வாளர் கண்ணெதிரே படிவத்தில் திருடன் முகம் போய்க் கான்ஸ்டபிள் முகம் வந்தது. "அடச்சே" என்று எழுந்துவிட்டார் ஆய்வாளர். ஹர்யோ வீங்கிய வாயோடு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "நான் வெச்சதுதான் சார்" என்றான்.

பாக் தர்மினை விட்டுவிட்டார்கள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினார். நானும் அழுதேன்.

அடித்தவர்கள்? "கூட்டத்துல யாருன்னு புடிக்கிறது?" என்கிறார் ஆய்வாளர். யோவ், வீடியோ இருக்கே!

மார்ச் 24

படிவத்துக்குத் தனி நகல் கொடுத்தேன். திறந்த நொடியில் எடுத்த முகம், அனுப்பும்வரை அதுவேதான். இனி வாசலில் யார் வந்தாலும் மாறாது.

ஏப்ரல் 9

வேலைக்குத் திரும்பியிருக்கும் பாக் தர்மினிடமிருந்து குரல் செய்தி. அத்தனை சந்தோஷம் அவருக்கு.

"ம்பா ரெட்னோ, நேத்து பைக் திருடினவன் மாட்டிக்கிட்டான். உங்க திருத்தம் பிரமாதம், இந்தத் தடவை ஆள் மாறவே இல்ல! எல்லாரும் போட்ட அடியில, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள செத்துப்போயிட்டான்."

வீடியோவும் அனுப்பியிருக்கிறார். நான் இன்னும் திறக்கவில்லை.