தூக்காத கை

செவ்வாய்க்கிழமை, இரவு.

நகரத்துக் கழிவுநீரைச் சுத்திகரித்து ஊர் வயல்வெளியான எங்கள் வட்டைக்கும் விடப்போகிறார்களாம். இன்று அதற்குத்தான் கூட்டம். விளக்கியவள் என் மகள், பொறியியலாளர். குழாய் முதலில் என் வயலுக்குத்தான் வரும். எல்லோரும் சம்மதித்தால்தான் அவளுடைய வேலை தொடங்கும்.

அவள் பேசி முடிக்க, பக்கத்து வயல்காரர் கந்தப்பன் எழும்பினார். "அந்தத் தண்ணியில விளையிற நெல்லில அம்மனுக்குப் பொங்கலாமா, மகள்?"

அவள் குனிந்து வரைபடத்தைப் பார்த்தாள். அவள் முகம் வாடியது எனக்குப் பொறுக்கவில்லை. நானே கேட்டேன்.

"என்னகா மச்சான், சாணம் போட்ட வயல் நெல்லிலதானே இவ்வளவு காலமும் பொங்கினம்? அம்மன் ஒரு நாளாவது முகம் சுளிச்சவவா?"

மண்டபமே சிரித்தது. சம்மதம் சொல்லிக் கைகள் எல்லாம் உயர்ந்தன. ஒரு கை மட்டும் மடியில் கிடந்தது. அது என்னுடையது. வாய் ஒத்துக்கொண்டதை வயிறு ஒத்துக்கொள்ளவில்லை.

"அப்பா, உங்கட கை?"

"தோள் சுளுக்கிப் போச்சு மனே. தூக்க ஏலாது."

சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே. வீட்டில் மனைவி தோளில் வேப்பெண்ணெய் பூசி, சோற்றையும் ஊட்டிவிட்டாள். இந்த நாற்றத்துக்கு அந்தத் தண்ணீர் எவ்வளவோ மேல்.

இவ்வளவும் எழுதிய பிறகுதான் மகள் பின்னால் நிற்பதைக் கண்டேன். என் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தோள் சுகம்போல அப்பா. பேனையும் கையிலதான் இருக்கு" என்று சம்மதப் படிவத்தை இந்தக் கொப்பியின் மேல் வைத்தாள்.

வைத்துவிட்டேன் கையெழுத்தை. கொஞ்சம் நடுங்கித்தான் இருக்கிறது. அது தோளால்.