ஒரே புண்ணுக்கு இரண்டு மருந்து

பாவா,

இன்று காலை திருத்தணி கடைத்தெருவில் யாரோ ஒருவர் வெள்ளைத் தூளைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெப்பர்மின்ட் வாசனை மூக்கில் ஏறியதும் அங்கேயே நின்றுவிட்டேன். கடைசிக் காலத்தில் உங்கள் மூச்சில் இருந்த வாசனை அது.

என் அக்காவைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுத் தறியிலேயே உட்கார்ந்தவர் நீங்கள். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது நம் இருவருக்கும் ஒரே நோய் வந்தது. வயிறு காலியானால் போதும், நெருப்பு வைத்தது போல எரியும். ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரே வண்டியில் திருத்தணி ஆஸ்பத்திரிக்குப் போனோம். குடல் தொடங்கும் இடத்தில் புண் என்றார் டாக்டர். உங்களுக்கு அந்த வெள்ளைத் தூள், எனக்குப் பெல்லடோனா சொட்டு மருந்து. எது நன்றாகக் கேட்கிறது என்று பார்ப்போம், மாற்றிக் குடிக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

சொட்டு மருந்தால் என் நாக்கு வறண்டது, தறியில் ஓடும் பாவு நூல் கண்ணுக்கு மங்கியது. ஆனால் எரிச்சல் அடங்கியது. உங்களுக்கோ தூள் குடித்த சற்று நேரம்தான் நிம்மதி.

"என்னுதுல கொஞ்சம் குடிச்சிப் பாருங்க பாவா."

"வேணாம்டா. ரெண்டையும் கலந்துட்டா எது கேட்டுதுன்னு டாக்டருக்கு எப்டித் தெரியும்? நம்மள மாதிரி எத்தினி பேர் வயித்தப் புடிச்சிகினு கீறாங்க."

கார்த்திகை மழையில் ஒருநாள், தறியில் சாய்ந்து ரத்தமாக வாந்தி எடுத்தீர்கள். வண்டி திருத்தணி போய்ச் சேருவதற்குள் என் மடியிலேயே உங்கள் கை சில்லிட்டுவிட்டது.

"என் மருந்தக் குடுத்திருந்தா பொழச்சிருப்பாருங்களா?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "தெரியலப்பா. ரெண்டுமே எரிச்சலத்தான் அடக்குது. புண்ண ஆத்துதான்னு எங்களுக்கே தெரியல. உனக்குத் தானாவேகூட அடங்கியிருக்கலாம். ரெண்டு பேர வச்சி எதையும் சொல்ல முடியாது."

அவருக்குத் தெரியட்டும் என்றுதானே அத்தனை வலியையும் பொறுத்துக்கொண்டீர்கள், பாவா. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

போன மாதம் எனக்கும் எரிச்சல் திரும்பிவிட்டது. இப்போது சொட்டு மருந்தும் கேட்பதில்லை. அக்காவிடம் நான் சொல்லவில்லை. கஞ்சி ஊற்றும்போதெல்லாம் அவள் கேட்கிறாள்: "உன் மருந்து கேட்டுதே, அவர் மருந்து ஏன்டா கேக்கல?"

உங்களைப் பறிகொடுத்தவளுக்கு, நான் பிழைத்துக்கொண்டேன் என்ற ஒன்றுதான் மிச்சம். அதை எப்படிப் பிடுங்குவேன்? தலை குனிந்தபடி கஞ்சியைக் குடித்து முடிக்கிறேன்.